கண்ணில் சதை எடுத்தவர்கள் கவனத்திற்கு

அவர் சுங்கை சிப்புட் பக்கம் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஈப்போவில் மகனோடு இருக்கிறார். சேமநிதி விஷயமாக நம்மைப் பார்க்க வந்தவர், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"என்னங்க ஐயா, கண்ணுக்கு?" என்றோம்.

"ஒண்ணுமில்ல தம்பி, சதை எடுத்த கண்ணு. எடுத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. இப்ப ராத்திரியெல்லாம் குத்துது."

உற்றுப் பார்த்தோம். வெள்ளை விழியில், மூக்கோரமாக, சுண்ணாம்பு அப்பியது போல் ஒரு திட்டு. அதன் ஓரத்தில் கருநீலமாக ஒரு நிழல்.

கண்ணின் ஓரத்திலிருந்து சதை கிளம்பிக் கருவிழி மேல் ஏறுவது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. வெயிலிலும் தூசியிலும் நிற்பவர்களுக்கு எந்த நாட்டிலும் இது வரும். புற்றுநோய் அல்ல, சிறிதாக இருந்தால் வெட்டவே வேண்டியதில்லை. வெட்டுவதிலும் ஒரு தொல்லை உண்டு. சதையை எடுத்துவிட்டு அந்த இடத்தை மூடாமல் விட்டால் பலருக்குத் திரும்பவும் முளைத்துவிடும்.

முளைக்காமல் தடுக்க டாக்டர்கள் அந்நாளில் இரண்டு வழி பிடித்தார்கள். ஒன்று ஸ்ட்ரோன்டியம் கதிர். மற்றது மைட்டோமைசின் என்ற மருந்து. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதை 1963-இல் ஜப்பானில் இந்தச் சதைக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே சதையைத் தடுத்தன. ஆனால் அளவு மீறினால் வெள்ளை விழிக்குச் சோறு போடுகிற மெல்லிய ரத்தக் குழாய்களும் சேர்ந்து செத்துப்போகும். வெள்ளை விழியின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பால்வெட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளர்வதில்லையே! விழியும் அப்படித்தான். தேய்ந்து மெலிந்து, உள்ளேயிருக்கும் கருமை வெளியே தெரிகிறது. கிருமி புகுந்தால், ஓட்டை விழுந்தால், பார்வையே போகலாம்.

இது இங்கே மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் டாக்டர்கள், கதிர் வைத்தவர்களைப் பல வருஷம் கழித்துப் பார்த்து 1991-இல் எழுதினார்கள்: நூறு கண்ணுக்குப் பதின்மூன்று போல வெள்ளை விழி மெலிந்திருந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவில், மைட்டோமைசின் சொட்டு போட்டுக் கண் கெட்ட பத்துப் பேரின் கதை வெளிவந்தது. தென்கொரியாவிலோ கண் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற அழகுக்காகவே இப்படி அறுத்து மருந்து போட்டார்கள்! கேடு வந்தபின், 2011-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அதை நிறுத்தச் சொன்னது.

அதற்காக ஆப்பரேஷனுக்குப் பயந்து ஓட வேண்டாம். இப்போது மேல் இமைக்கடியிலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து, சதை இருந்த இடத்தில் ஒட்டி மூடுகிறார்கள். 1985 முதல் பரவிய முறை இது. சதையும் அவ்வளவாகத் திரும்புவதில்லை. "ஒட்டுப் போடுவீங்களா டாக்டர்? மருந்து ஏதும் வைப்பீங்களா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்கள் என்று வாயை மூடிக்கொள்வது நம்மவர்களின் பழைய வியாதி. சொட்டு மருந்தைச் சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு அக்காளுக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவ விடுப்பு, வேலைக்காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு உண்டு. இரண்டாம் நாளே வெயிலில் போய் நிற்காதீர்கள்.

ஏற்கனவே சதை எடுத்தவர்களுக்கு வலியோ, வெள்ளைத் திட்டோ, கருநீலமோ தெரிந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். மூட்டுவாதம் உள்ளவர்கள் கண்புரை ஆப்பரேஷனுக்குப் பின்னும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கும் சில சமயம் வெள்ளை விழி இப்படி அழிவதுண்டு.

நம் பெரியவரைக் கிளினிக் கடிதத்தோடு அனுப்பினோம். "அப்ப என்ன மருந்து வெச்சாங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். இவருக்கு எப்படித் தெரியும்? மகன் வீட்டுக்கு ஓடி, பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடியதில் ஆஸ்பத்திரிச் சீட்டு அகப்பட்டது. மைட்டோமைசின் என்று அதில் எழுதியிருந்தது. மெலிந்த இடத்தை ஒட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, பார்வை முன்பிருந்த அளவுக்கு இல்லை. சேமநிதி வேலை இன்னும் பாக்கி. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.