முதல் பத்தியைத் தாண்டுவோம்

தேர்வு நெருங்கும்போது இந்தப் பக்கத்தில் கட்டுரை எழுதும் உத்திகள், மரபுத்தொடர்ப் பட்டியல், கருத்தறிதல் குறிப்புகள் என்று நிறைய வரும். நான் எழுதப்போவது அப்படி ஒன்று இல்லை. நன்றாக எழுதத் தெரிந்தும் எழுதி முடிக்காத மாணவர்களைப் பற்றி எழுதுகிறேன். இதை ஆசிரியர்களும் படிக்கலாம், தேர்வு எழுதப்போகிறவர்களும் படிக்கலாம். இரு தரப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாதிப் பழி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு உயர்நிலை நான்கில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், நூலகத்திலிருந்து கதைப்புத்தகம் எடுத்துப் படிப்பாள். நம்மில் பலர் 'இவளைப் பற்றிக் கவலை இல்லை' என்று ஒதுக்கிவைக்கும் வகை. ஆனால் வகுப்பில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் மனத்துக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்ப்பாள். உதடு அசைவது தெரியும். அவள் கட்டுரை ஏட்டில் வெள்ளை நாடாவுக்கு மேல் நாடா ஒட்டி, சில இடங்களில் காகிதம் அட்டை மாதிரி தடித்துப் போயிருக்கும். 'கவனமான பிள்ளை' என்று நானும் அதைப் பாராட்டினேன்.

ஜூன் மாதத்தில் சாதாரண நிலைத் தேர்வின் முதல் தாள். இரண்டு மணி நேரத்தில் ஒரு மின்னஞ்சலும் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். மின்னஞ்சலுக்கு 20 மதிப்பெண், கட்டுரைக்கு 40. தேர்வு முடிந்து வெளியே வந்தவள் சிற்றுண்டிச் சாலையின் கடைசி மேசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மின்னஞ்சலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கட்டுரையில் இரண்டு பத்திதான் எழுதியிருந்தாள்.

"ஒவ்வொரு இடத்துலயும் ஒற்று வருமா வராதான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன் டீச்சர். நேரம் போனதே தெரியல."

அன்று மாலை அவளுடைய பழைய கட்டுரை ஏட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட சிவப்புச் சுழிகள். எல்லாம் என் கைவரிசை. அந்தக் கட்டுரையில் அவள், பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கியதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தாள். பாட்டி மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கடைக்காரரிடம் மலாய் மொழியில் பேரம் பேசுவது எல்லாம் இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு சொல்கூட எழுதவில்லை. கீழே ஒரே ஒரு வரிதான்: 'பிழைகளைத் தவிர்க்கவும்.' அவள் சொன்னபடி கேட்டாள். எழுதாமல் இருந்தால் பிழை வராது அல்லவா?

இந்தப் பழக்கத்தைத் தமிழில் முழுமைவாதம் என்கிறார்கள். பரிபூரணவாதம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல்லோடு கொஞ்சம் சண்டை உண்டு. முழுமை என்றால் என்ன? தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருப்பது. முழு நிலா, முழு ஆண்டு, முழுக் கதை என்கிறோம். பிழையே வரக்கூடாது என்று பயந்து எழுதும் பிள்ளையின் கட்டுரையில் இல்லாமல் போவதே அந்த முழுமைதான். அவள் தேடியது பிழையின்மையை. அதற்கு அவள் கொடுத்த விலை முழுமை.

நம் இலக்கணக்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. பட்டயப் படிப்பில் நான் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பொருள் உறைத்தது அந்த ஜூன் மாதத்தில்தான். பத்தில் சொல் வழுவை நேராகச் சொல்வது ஒன்றுதான்: வழூஉச்சொற் புணர்த்தல், அதாவது பிழையான சொற்களைச் சேர்த்து எழுதுவது. மற்றவை பெரும்பாலும் சொல்ல வந்ததை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பற்றியவை. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது ஒரு குற்றம். அதன் பெயர் குன்றக் கூறல். சொன்னதையே திரும்பச் சொல்வது கூறியது கூறல். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றை விரிப்பது மற்றொன்று விரித்தல். இன்னொன்றின் பெயரைப் பாருங்கள்: சென்று தேய்ந்து இறுதல். நன்றாகத் தொடங்கி, போகப் போகத் தேய்ந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. நாற்பது நிமிடம் செதுக்கிய முதல் பத்தி, அவசரமாக எழுதிய இரண்டாம் பத்தி, அதற்குப் பிறகு வெறும் கோடுகள். நம் மாணவர்களின் விடைத்தாளைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் வைத்தாரோ என்று தோன்றும்.

ஆக, ஒரு குற்றத்துக்குப் பயந்து அந்த மாணவி இரண்டு குற்றங்களில் மாட்டிக்கொண்டாள்: குன்றக் கூறல், சென்று தேய்ந்து இறுதல். தேர்விலும் கருத்துக்கு மதிப்பெண் உண்டு, மொழிக்கும் உண்டு. எழுதாத பத்திக்கு இரண்டுமே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பெரிய காப்பியங்கள் பல அவையடக்கத்தோடு தொடங்குகின்றன. கம்பர், தாம் இராமாயணம் பாட வந்ததைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையோடு ஒப்பிடுகிறார். குறை இருக்கும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் பாடல்களைப் பாடி முடிக்கிறார். உ.வே.சாமிநாதையரும் அப்படித்தான். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எல்லா ஐயமும் தீரட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்த நூல் அப்போது வெளிவந்திருக்காது. முதலில் வெளியிட்டார், பின்னால் வந்த பதிப்புகளில் திருத்தினார். அவரைக் கவனக்குறைவான மனிதர் என்று யாராவது சொல்வார்களா?

எந்தப் பிழை பெரிது?

மாணவர்களே, இது உங்களுக்கு. எல்லாப் பிழையும் ஒரே எடை இல்லை. 'பள்ளிக்கு சென்றேன்' என்று எழுதினால் ச் விடுபட்டிருக்கிறது, பிழைதான். ஆனால் படிப்பவருக்குப் பொருள் புரிகிறது. ஒற்றைச் சரியாகப் போட்டு 'பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதினால் சந்தி சரி, ஆனால் நீங்கள் பள்ளிக்குப் போகவில்லை! மனம், மணம், அறம், அரம், கரை, கறை என்று பொருளையே மாற்றும் எழுத்துகளில்தான் முதல் கவனம் இருக்க வேண்டும். ஒற்றும் சில இடங்களில் பொருளை மாற்றும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தந்தான். அதனால் ஒற்று முக்கியமில்லை என்று நான் சொல்வதாக வகுப்பில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

பயத்தில் எழுதும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஒற்று விட்டுவிடுமோ என்ற பயத்தில் 'படித்தப் பாடம்', 'வந்தப் பையன்' என்று வேண்டாத இடத்திலும் போட்டுவிடுவோம். படித்த, வந்த போன்ற பெயரெச்சங்களுக்குப் பிறகு வல்லினம் மிகாது. பயம் இலக்கணம் கற்றுத்தராது.

இரண்டு மணி நேரத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: மின்னஞ்சலுக்கு 35 நிமிடம், கட்டுரைக்குத் திட்டமிட 10, எழுத 60, கடைசி 15 சரிபார்க்க. உங்கள் ஆசிரியர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எந்தக் கணக்கானாலும், அந்த 60 நிமிடத்தில் கை நிற்கக் கூடாது. ஒற்று வருமா என்று சந்தேகமா? அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். கடைசி 15 நிமிடம் அந்தப் புள்ளிகளுக்குத்தான். 'வரட்சி'யா 'வறட்சி'யா என்று குழம்பினால் 'மழையே இல்லை' என்று எழுதிவிட்டு நகருங்கள். (வறட்சிதான் சரி.) தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்தால் போதும். தேர்வில் வெள்ளைத் திரவத்துக்கு அனுமதி இல்லை என்பது தெரியும்தானே? அதையே வகுப்பிலும் பழகிக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வில் இந்த வியாதி வேறு வடிவத்தில் வரும். காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன் பேசத் தொடங்குகிறான்: "நான் நேத்து... இல்ல, நேற்று... நான் நேற்று சென்றேன்... போனேன்..." பாவம், அங்கேயே நின்றுவிடுவான். உரையாடலில் நல்ல பேச்சுத்தமிழ் பேசலாம். அதைத்தான் நாம் கற்றுக்கொடுக்கவும் செய்கிறோம். 'நேத்து போனேன், ரொம்ப நல்லா இருந்துச்சு' என்பது பிழை இல்லை. வாசிப்புப் பகுதி மட்டும் எழுத்துத்தமிழ். ஒரு வாக்கியம் தவறிப்போனால் அதைத் தோண்டிக்கொண்டிருக்காமல் அடுத்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். தேர்வாளர் உங்கள் கருத்துக்காகத்தான் காத்திருக்கிறார்.

இனி நம் பக்கம்

ஆசிரிய நண்பர்களே, எல்லாப் பிழையையும் சுழிப்பதுதான் பொறுப்பு என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதில் பாதி என் பயம்தான். பெற்றோர் ஏட்டைப் புரட்டி 'டீச்சர் இதைப் பார்க்கவே இல்லையே' என்று கேட்டால்? துறைத்தலைவர் ஏடுகளைப் பார்வையிடும் வாரத்தில் ஒரு பிழை விட்டுப்போயிருந்தால்? என் பிழையின்மைக்காக அவள் ஏட்டைச் சிவப்பாக்கினேன்.

இப்போது ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் திருத்துகிறேன். இந்த முறை ஐ, கு உருபுகளுக்குப் பின் வரும் ஒற்று மட்டும் என்றால், 'புத்தகத்தைப் படித்தேன்', 'கடைக்குப் போனேன்' போன்ற இடங்கள் மட்டும் சிவப்பு. அடுத்த முறை ர, ற. பொருளை மாற்றும் பிழையை மட்டும் எப்போதும் குறிப்பேன். மற்றவற்றுக்கு வரியின் ஓரத்தில் ஒரு கோடு. எது பிழை என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். திருத்தத் தொடங்கும் முன் கட்டுரையை ஒரு முறை பேனா இல்லாமல் படிக்கிறேன். இது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. படித்து முடித்ததும் அவர்கள் சொன்ன விஷயத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவேன். 'உன் பாட்டி பேரத்தில் ஜெயித்தாரா?' என்பது மாதிரி.

வாரம் ஒரு நாள், பாடத்தின் முதல் பத்து நிமிடம், அழிப்பானோ நாடாவோ இல்லாமல் எழுதுவது. அதற்கு மதிப்பெண் கிடையாது. மாதக் கடைசியில் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காகத் திருத்தி, இரண்டாம் முறை எழுத வேண்டும். இந்த இரண்டாம் வரைவில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 'ஏதோ எழுதினாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க' என்று ஒரு பையன் கேட்டான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் முறை எழுதும்போது நிற்காதே என்றுதான் சொன்னேன். திருத்தும்போது சோம்பேறித்தனத்துக்கு இடம் இல்லை. அவனிடம் மூன்றாம் முறையும் எழுதி வாங்கினேன்.

அந்த மாணவிக்கு வருவோம். ஆண்டிறுதியில் மறுபடியும் எழுதப் பதிவு செய்தாள். இடையில் கிடைத்த மாதங்களில் இரண்டு காரியம்தான் செய்தோம். ஒன்று, கடிகாரம் வைத்து எழுதியது. முதல் மூன்று முறையும் அவளால் முடிக்க முடியவில்லை. நான்காம் முறை முடித்தாள், கையெழுத்து கோணலாக. இன்னொன்று, அவள் அடிக்கடி செய்யும் ஐந்து பிழைகளை மட்டும் ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பென்சில் பெட்டிக்குள் ஒட்டிக்கொண்டது. வீட்டுப் பயிற்சியிலும் வகுப்பிலும் எழுதி முடித்த பிறகே அதைப் பார்க்க வேண்டும். தேர்வு வருவதற்குள் அட்டை மனத்துக்குள் போய்விட்டது, பெட்டியிலிருந்து அதை அவளே உரித்து எடுத்துவிட்டாள்.

தேர்வு முடிந்து வந்தவள், "முடிச்சுட்டேன் டீச்சர். எத்தனை பிழைன்னு தெரியல, எண்ணல" என்றாள். கிடைத்த தரம் அவளுடையது, அதை இங்கே எழுதவில்லை.

இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். போன ஆசிரியர் தினத்தன்று அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'ஆசிரியர் தின வாழ்த்துக்கள் டீச்சர்.' அடுத்த நொடி இன்னொன்று: 'வாழ்த்துகள்?' நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மூன்றாவதும் வந்துவிட்டது: 'ரெண்டுல எது சரியோ அதை எடுத்துக்குங்க, எனக்கு பஸ் வந்துடுச்சு.'