பாராளுமன்றம் தெரிவுசெய்த ஜனாதிபதி

2022 ஜூலை 20 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகத் தெரிவானார். அன்று கொக்குவிலிலோ கல்முனையிலோ எந்த வாக்காளரும் வாக்களிப்பு நிலையத்துக்குச் செல்லவில்லை. இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

அரசியலமைப்பின் 40 ஆவது உறுப்புரை இதற்கு இடமளிக்கின்றது. ஜனாதிபதி பதவி இடைநடுவில் வெற்றிடமானால், பாராளுமன்றம் ஒரு மாதத்துக்குள் தன் உறுப்பினர் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிவுசெய்யும். 1993 இல் பிரேமதாஸ கொல்லப்பட்டபின் டி.பி.விஜேதுங்க இவ்வாறே போட்டியின்றித் தெரிவானார். 2022 இல் கோத்தாபய ராஜபக்ஷ விலகியபோதுதான் முதன்முறையாகப் போட்டி எழுந்தது. ரணிலுக்கு 134, டளஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 வாக்குகள். நிராகரிக்கப்பட்டவை 4. கஜேந்திரகுமார் பொன்னம்பலமும் செல்வராசா கஜேந்திரனும் வாக்களிக்கவில்லை.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1865 வரை ஆளுநரையே சட்டசபைதான் தெரிவுசெய்தது. மசச்சூசெட்ஸில் மக்கள் வாக்களித்தும் எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிடின், முடிவு ஒரு காலத்தில் சட்டசபையிடமே சென்றது.

எம்மை உறுத்துவது வாக்கெடுப்பின் இரகசியமே. யாழ். மாவட்டம் 2020 இல் அனுப்பிய 7 உறுப்பினர்களுள் கஜேந்திரகுமாரின் நிலைப்பாடு மட்டுமே ஐயமின்றித் தெரியும். ஏனையோர் தாமாகச் சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. குடிமகனை அச்சுறுத்தலிலிருந்து காக்கவேண்டிய இரகசியம், அவனது பிரதிநிதியைக் கேள்வியிலிருந்து காத்தது.

ரணிலின் கட்சிக்கு 2020 தேர்தலில் கிடைத்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம். 2024 செப்டெம்பர் 21 இல் மக்களே வாக்களித்தபோது, பாராளுமன்றத்தில் 3 வாக்குகள் பெற்ற அநுர வென்றார். 134 பெற்றவர் மூன்றாமிடத்துக்குச் சென்றார்.