விழாமல் நிற்பது எப்படி?

முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்தோமே, ஈர்ப்பு மையத்திலிருந்து விடும் குத்துக்கோடு அடித்தளத்துக்குள் விழுந்தால் பொருள் கவிழாது என்று. டேபிளுக்கு அது போதும். மனிதனோ சும்மா நிற்கும்போதும் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறான். கண், உள்காது, பாதம் மூன்றும் சேதி சொல்ல, மூளை விடாமல் தசைகளைத் திருத்துகிறது.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தத் திருத்தும் வேலையில்தான் கோளாறு. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, சிசுப் பருவத்திலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. தொற்றாது. ஆனால் தசை இறுகி நுனிக்காலில் நிற்கிற பிள்ளைக்கு அடித்தளம் எத்தனை சிறிசு, யோசியுங்கள்!

எங்க அக்கா மகனுக்கு வயசு நாலு. விழுந்துடுவான்னு பயந்து எங்கம்மா இடுப்பை விட்டு இறக்கினதே இல்லை. பாசம்தான். ஆனா இடுப்புல இருக்கிற பிள்ளையோட மூளை எதைத் திருத்திப் பழகும்?

இயன்முறை மருத்துவர் நேர்மாறாகச் செய்கிறார். பாய் விரித்து உட்காரவைத்து, பிடிக்கத் தயாராகக் கையை வைத்துக்கொண்டே தோளை மெல்லத் தள்ளுகிறார். பிள்ளை சாய்ந்து, கை ஊன்றி, நிமிர்கிறான். அதுதான் பாடம்! (நாமாகத் தள்ளிப் பார்க்கக்கூடாது.) அப்புறம் ஸ்டூலிலிருந்து எழுவது, எட்டிப் பந்தெடுப்பது, ஒரு படி ஏறுவது. தேவைப்பட்டால் காலுக்கு ஸ்பிளின்ட், வாக்கர். பிறர் காலை மடக்கி நீட்டிவிடுவதைவிடப் பிள்ளை தானே செய்து பழகுவதில்தான் பலன் அதிகம்.

எல்லோருக்கும் ஒரே இலக்கு கிடையாது. 1997-இல் கனடாவில் வகுத்த ஐந்து நிலைகளில், முதல் நிலைப் பிள்ளை ஓடுவான். ஐந்தாம் நிலையில் தலை நிற்பதே பெரும்பாடு.

வீட்டுச் சுவரில் அவன் உயரத்துக்கு ஒரு கைப்பிடி வேணும்னாங்க. நம்ம ஒர்க் ஷாப் எதுக்கு இருக்கு? பைப்பை வளைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். அதைப் பிடித்தபடி இப்போ பத்து எண்ணும் வரை நிற்கிறான்.