வண்ண வரைபடமும் வாடும் குடிசையும்



எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில், தாளமுத்து நடராசன் மாளிகை என்றோர் உயர்ந்த கட்டடம் இருக்கிறது. மொழிப் போரிலே சிறை புகுந்து, 1939-ம் ஆண்டில் மாண்டுபோன இரண்டு ஏழை வாலிபர்களின் பெயர் அது. அந்த மாளிகைக்குள்ளேதான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கொலுவீற்றிருக்கிறது.

வளர்ச்சிக் குழுமம்! பெயரைக் கேட்டதுமே, இது படித்தவர் விவகாரம், பொறியாளர் விவகாரம், நமக்கென்ன என்று நம்மிலே பலர் நகர்ந்துவிடுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். கூலி குறைந்தால் கொடி பிடிப்போம். பஸ் கட்டணம் ஏறினால் மறியல் செய்வோம். வரைபடம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வோம். ஆனால் நாம் குடியிருக்கும் இடமும், வேலைக்குப் போகும் தூரமும், ஐப்பசி கார்த்திகையில் நம் வாசலிலே தேங்கும் தண்ணீரும் அந்த வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றனவே, அதை எண்ணிப் பார்த்தோமா?

1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 1972-ல் குழுமம் தோன்றி, 1974-ல் சட்டப்படியான அதிகாரம் பெற்றது. முதல் முழுமைத் திட்டம் 1976-ல், இரண்டாவது 2008-ல். இரண்டாவதன் இலக்கு ஆண்டு 2026. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லை, 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிக்கப்பட்டது. ஐந்து மடங்கு!

அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வண்ணம். இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று பூசிவைத்திருக்கிறார்கள். வண்ணம் மாறினால் விலை மாறும். ஏக்கர் கணக்கில் வாங்கிய வயல் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகும். பத்திரிகைகளின் மூலையில், கண்ணுக்குத் தெரியாத சிறு எழுத்தில் “நில உபயோக மாற்றம்” என்று ஓர் அறிவிப்பு வருகிறதே, அதை யார் படிக்கிறார்கள்? நிலத்தரகர் படிக்கிறார். நாம் சினிமா விளம்பரத்தைப் படிக்கிறோம்.

குழுமம் நல்லதே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கொத்தவால் சாவடியின் நெரிசலிலே மூட்டை சுமந்தவர்கள் 1996-ல் கோயம்பேடு அங்காடி வந்ததை மறக்கமாட்டார்கள். அதற்கும் முன்னே, 1977-ல் தொடங்கிய திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறுசிறு மனைகளாக வகுத்து, தண்ணீரும் சாக்கடையும் பாதையும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் சக்திக்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு ஓர் அறை, இரண்டு வருஷம் கழித்து இன்னோர் அறை. வேலையும் கைக்கெட்டும் தூரத்திலே இருந்தது. ஏழைக்கு நகரத்துக்குள்ளேயே இடம் ஒதுக்க முடியும் என்பதற்கு அந்தத் தெருக்களே சாட்சி.

பிறகு என்ன நடந்தது? இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அதன்பின் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட வீடுகள். நகரத்தின் நடுவே வீட்டு வேலை செய்த பெண்ணையும், மீன்கூடை சுமந்த ஆயாவையும், சித்தாள் வேலைக்குப் போனவளையும் அள்ளிக்கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். கூரை கிடைத்தது, கூலி போயிற்று. காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வேண்டியவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? 2021 முதல் சாதாரணப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. நல்லது, மனமார வரவேற்போம். ஆனால் சாலையிலே கழியும் மணி நேரங்களுக்கு எந்தக் கண்டக்டர் சீட்டுக் கிழிப்பார்?

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு, அகற்று என்றார்கள். குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, தென்சென்னையின் தண்ணீரெல்லாம் வடிந்து வந்து சேரும் தாழ்நிலத்திலே! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் வந்து தங்கும் இடத்திலேயே குடிவைத்தார்கள். அடையாற்றுக்குக் குறுக்கே பாலமாகக் கட்டிய விமான ஓடுபாதை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை ஆக்கிரமிப்பு என்று சொல்ல யாருக்கு நா எழும்?

இன்னொன்றையும் கேளுங்கள். அனுமதிக்கு மேலே மாடி எழுப்பியவர்களுக்காகவே சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டிய விதிமீறல்களைப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டினார்கள். நீட்டிப்புகள் செல்லாவென்று 2006-ல் உயர் நீதிமன்றம் அடித்துத் தள்ளிற்று. ஏழை போட்ட ஓலைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு, அதற்கு வருவது புல்டோசர். சீமான் எழுப்பிய மாடிக்குப் பெயர் விதிமீறல், அதற்கு வருவது ரசீது.

இப்போது மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. சட்டத்தின் 26-ம் பிரிவைப் பாருங்கள். வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தரவேண்டும். நேரில் பேசவேண்டும் என்று கேட்பவரை அழைத்துக் கேட்கவும் வேண்டும். கட்டட உரிமையாளர் சங்கங்கள் வக்கீலோடு வரும். நம் பகுதிக் கிளைகள் என்ன செய்யப்போகின்றன?

கிளைக் கூட்டத்திலே வரைபடத்தை விரித்து வையுங்கள். உங்கள் தெரு எது, பக்கத்து ஏரி எது, அதன்மேல் என்ன வண்ணம் பூசியிருக்கிறது என்று படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள்; சர்வே நம்பரைத் தவறாமல் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளாமல் மாளிகையை விட்டு வெளியே வராதீர்கள்.