பரணிலிருந்து இறங்கிய தொலைக்காட்சி

இராசிபுரத்தில் என் சிற்றப்பா வீட்டுப் பரணிலிருந்து சென்ற தை மாதத்தில் இறக்கிய மரப்பெட்டிகளில், கல்யாண வீடியோக்களோடு கலந்து, அவரே தொலைக்காட்சியிலிருந்து டெக்கில் பதிந்து வைத்த பதினேழு கேசட்டுகள் இருந்தன. ஒன்றின் சீட்டில் மை மங்கி, 'மால்குடி' என்ற ஒரே சொல் எஞ்சியிருந்தது. ஹிந்தியில் ஓரெழுத்தும் அறியாத சிற்றப்பா, சங்கர் நாக் இயக்கி 1980களின் பிற்பகுதியில் தூரதர்சனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரைப் பதிந்ததற்குக் காரணம், அதன் கதாசிரியர் ஆர்.கே. நாராயண் என்ற பெயரின் முதலெழுத்து தம்முடைய ஊரைக் குறிப்பது என்பதே. அந்த அபிமானத்தை என்னால் பரிபூரணமாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

காந்தத் துகள் பூசிய நாடாவில் பதிந்த காட்சி நிரந்தரமானதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் ஓட்டுக் கூரைக்கு அடியிலுள்ள பரண், சித்திரையிலும் வைகாசியிலும் அடுப்பங்கரையாய்க் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் கோத்துக்கொள்ள, நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. அப்படிப் பூஞ்சை கண்ட நாடாவைத் துடைக்காமல் டெக்கில் போட்டால், அது கெடுவதோடு, டெக்கின் வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். டெக்கும் அரிதாகி வருகிறது. ஜே.வி.சி. 1976இல் அறிமுகம் செய்த வி.எச்.எஸ். முறைக்குரிய இயந்திரத்தைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபூனாய் கம்பெனி, 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது.

டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை ஒரு சிறிய கேப்சர் கருவியில் செருகி, அதனைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் பதிவு ஃபைலாக மாறும். ஆனால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமும் ஆகும், அதில் குறுக்கு வழி இல்லை. நம் நாட்டில் வழங்கிய 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 625 கோடுகள் கொண்ட காட்சிகள் விநாடிக்கு 25 வீதம் வந்தன. ஒவ்வொன்றும் ஒற்றைக் கோடுகள் ஒரு தடவையும் இரட்டைக் கோடுகள் மறு தடவையுமாக இரண்டு பாதிகளாகவே வரும். பழைய பெட்டியில் இது கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைய திரையிலோ, கையசைத்தால் விரல்கள் சீப்புப் பல்லாய்ப் பிளவுபட்டுத் தோன்றும். இதைப் பதிவிலேயே திருத்திவிடுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மூலத்தை வந்தபடியே வைத்தால், அதை ஓட்டிக் காட்டும் மென்பொருள் பார்க்கும் சமயத்தில் கோடுகளை இணைத்துக்கொள்ளும். நாளைக்கு இதைவிட நேர்த்தியான வழி வந்தாலும் மூலம் கையில் இருக்கும்.

இனி மென்பொருள். எக்ஸ்.பி.எம்.சி. என்றிருந்து 2014இல் பெயர் மாறிய 'கோடி'யும் (Kodi), 2018 டிசம்பரில் 'எம்பி' என்ற மென்பொருளிலிருந்து கிளைத்த ஜெல்லிஃபினும் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டு ஹார்டு டிஸ்கிலுள்ள ஃபைல்களை அட்டவணையிட்டு, கூடத்து டிவியில் நூலக அலமாரிபோல் அடுக்கிக் காட்டுவது இவற்றின் வேலை. தொடரின் பெயரில் ஒரு ஃபோல்டரும், அதற்குள் பருவ எண்ணும் பாக எண்ணும் சேர்த்த ஃபைல் பெயர்களும் இருந்தால், இணையத்திலிருந்து சுவரொட்டிப் படத்தையும் கதைச் சுருக்கத்தையும் தாமே கொண்டுவரும். கேசட்டை இரண்டு ஃபைல்களாகப் பிரித்தேன்; மால்குடிக்கு அப்படியே வந்தது. ஆனால் அதே கேசட்டின் முற்பாதியில் இருந்த அத்தையின் கல்யாணத்துக்கு எங்கோ எடுத்த ஒரு சினிமாவின் படத்தை மென்பொருள் ஒட்டிவிட்டது! அதன் மேல் குற்றமில்லை; நம் வீட்டுச் சங்கதி அதற்கு எப்படித் தெரியும்? கல்யாண ஃபைலை 'ஹோம் வீடியோ' என்ற பகுதியில் சேர்த்த பிறகே, இணையத்தில் தேடாமல் நாம் இட்ட பெயரை ஏற்றுக்கொண்டது.

கேசட்டில் அன்றி, கம்ப்யூட்டரிலேயே விண்டோஸ் மீடியா சென்டர் என்ற மென்பொருளில் பதிந்த நிகழ்ச்சிகள் வைத்திருப்போர் கவனிக்க: 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அந்த மென்பொருளே இல்லை. நகலெடுக்காதபடி பூட்டு இடப்படாத பதிவுகளை எஃப்.எஃப்.எம்பெக் என்ற கருவியால், தரம் குன்றாமல் உறையை மாத்திரம் மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

விளம்பரங்களைத் தாமே கண்டுபிடித்து வெட்டும் துணைக் கருவிகளும் உண்டு. அவற்றைத் தொட வேண்டாம் என்பது என் திடமான அபிப்பிராயம். காரணம் இதுதான்: சேலத்தில் 1935இல் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் படங்கள் பெட்டி பெட்டியாக ஊர்தோறும் போயின. தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒரு மாலையில் சொன்ன சொல்லுக்கோ படப்பெட்டி இல்லை. மால்குடியை இன்று எங்கும் பார்க்கலாம்; அதன் முடிவில் சிற்றப்பாவின் கேசட் பிடித்து வைத்த நான்கு நிமிஷச் செய்தித் துண்டையும், சோப்பு விளம்பரத்தையும், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையையும் வேறெங்கே தேடுவது? அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 2012இல் தாம் மறையும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் பதிந்து விட்டுச்சென்ற ஏறத்தாழ 70,000 கேசட்டுகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் ஏற்றுக்கொண்டது. பலர் வீணென்று எண்ணியிருக்கக்கூடிய காரியம் சரித்திர ஆதாரமாயிற்று.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு ஓடும் அந்த மூன்று மணி நேரமும் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வருஷம், யார் பேசுகிறார், பந்தியில் பரிமாறுகிறவர் எந்த ஊர்ச் சம்பந்தி என்று கேட்டு, ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஒரு பிரதியை உறவினர் வீட்டு டிஸ்கிலும் வையுங்கள். எங்கள் சிற்றப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. பதினேழு கேசட்டுகளில் ஒன்பதுக்கு இன்னும் பெயர் எழுதவில்லை.