நோய் தந்த காப்பு: வரவும் செலவும்

சென்ற ஆண்டு ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, இலாபப் பிரிவினை ஏற்கப்பட்டு, கூட்டம் கலையும் தறுவாயில் முதிய உறுப்பினர் ஒருவர் எழுந்தார். “இன்ஸ்பெக்டர் ஐயா, கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை, வேறொரு சந்தேகம். 2020-ஆம் ஆண்டு ஆவணியில் எனக்குக் கொரோனா கண்டது. பதினைந்து நாள் தறிக்குழியில் இறங்கவில்லை. பிறகு தேறிவிட்டேன். தடுப்பூசி இன்றுவரை போட்டுக்கொள்ளவில்லை. பட்ட காய்ச்சலே எனக்கு ஊசியாயிற்று என்கிறேன். மருமகள் சண்டைக்கு வருகிறாள். தாங்கள் படித்தவர், நியாயம் சொல்ல வேண்டும்” என்றார்.

சபையோர் சிரித்தனர். மருத்துவம் பயிலாத நான், “மருத்துவரைக் கேளுங்கள், பெரியவரே” என்று கூறி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆயினும் அவ்வினா என்னை விடவில்லை. நம் உறுப்பினர் பலருடைய மனத்திலும் அஃது இருக்கக்கூடும். ஆதலின் ஆராய்ச்சி அறிக்கைகளைப் படித்தும், மருத்துவ நண்பர்களை வினவியும் அறிந்தவற்றை இங்கே கூற முற்படுகிறேன்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

கொரோனா நச்சுயிரின் புறத்தே முட்கள் போன்ற புரதங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அம்முட்களைக் கொண்டே அது மூச்சுப் பாதையிலுள்ள உயிரணுக்களைப் பற்றி உள்ளே நுழைகிறது. அதன் அகத்தே மரபுப் பொருளைப் பொதிந்து காக்கும் உட்புரதம் ஒன்றும் உண்டு. தொற்று ஏற்பட்டதும், நம் வெள்ளணுக்களுள் ‘பி’ வகையைச் சேர்ந்தவை இப்புரதங்களை அடையாளம் கண்டு, அவற்றோடு ஒட்டிக்கொள்ளத்தக்க பொருள்களை உண்டாக்குகின்றன. இவையே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள். முள்ளின் முனையில் எதிர்ப்பொருள் ஒட்டிவிட்டால், அம்முள் உயிரணுவைப் பற்ற இயலாது.

இவற்றுள் ஐ.ஜி.எம். என்பது தொடக்கத்தில் தோன்றி விரைவில் குறைவது, ஐ.ஜி.ஜி. என்பது பல மாதங்கள் நிலைப்பது, ஐ.ஜி.ஏ. என்பது மூக்கு, தொண்டை ஆகியவற்றின் ஈரத்தில் காவல் நிற்பது. நோய்க்குறி தோன்றி ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலோர் இரத்தத்தில் எதிர்ப்பொருள் காணப்படுகிறது. எனவே காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே இரத்தம் கொடுத்து, ‘எதிர்ப்பொருள் இல்லை’ என்ற சீட்டைக் கண்டு நோயே இல்லையென்று முடிவு கட்டுதல் தவறாகும். கடுமையாக நோயுற்றோருக்கு எதிர்ப்பொருள் பொதுவாக மிகுதியாகவும், இலேசாகக் கண்டோருக்குக் குறைவாகவும் அமைகிறது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது.

வரவுப் பக்கம்

நம் நாட்டில் தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16-ஆம் நாள் தொடங்கிற்று. அதற்குமுன் மக்களிடம் காணப்பட்ட எதிர்ப்பொருள் பெரும்பாலும் நோயினாலேயே வந்தது எனலாம். அதனை அளந்தறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களைத் தேர்ந்து இரத்த ஆய்வு நடத்தியது. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இப்பணியில் முன்னின்றது.

2020 மே, ஜூன் மாதங்களில் நடந்த முதல் ஆய்வில் வயது வந்தோருள் 100-க்கு ஒருவருக்கும் குறைவாக, அதாவது 0.73 சதவீதத்தினரிடமே தொற்றின் தடயம் காணப்பட்டது. ஆகஸ்டு, செப்டம்பரில் நடந்த இரண்டாம் ஆய்வில் அது ஏறக்குறைய 7 சதவீதமாயிற்று. தடுப்பூசி தொடங்குவதற்குச் சில நாள் முன்னர் முடிந்த மூன்றாம் ஆய்வில் 20 சதவீதத்தைத் தாண்டிற்று. இரண்டாம் அலைக்குப்பின், 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த நான்காம் ஆய்வில் 67.6 சதவீதத்தை எட்டியது. அந்நான்காம் ஆய்வில் தடுப்பூசி ஒன்றும் போடாதோருள் மட்டும் 62.3 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. இரண்டு தவணையும் போட்டோருள் அது 89.8 சதவீதம்.

ஆகவே பெரியவர் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. ஊசியின்றியும் உடல் தன் காப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இருப்பு எத்தனை நாள்?

வந்த வரவு எத்தனை நாள் இருப்பில் நிற்கும் என்பது அடுத்த வினா. ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளில் ஏறக்குறைய பாதி, மூன்று வாரங்களில் அழிந்துபோவது. புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தாலன்றி அது நிலைக்காது. நோய்க்குப்பின் முதல் நான்கு மாதங்களில் அதன் அளவு விரைந்து குறைவதைக் கண்டோர், காப்பு முற்றும் மறைந்துவிடுமோ என்று அஞ்சினர். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2021-இல் அவ்வச்சத்தை ஓரளவு நீக்கினர். இலேசாக நோய் கண்டவர்களைப் பதினொரு மாதம் தொடர்ந்து பார்த்ததில், நான்கு மாதத்திற்குப்பின் குறைவின் வேகம் தணிந்தது. அவர்களுள் பெரும்பாலோருடைய எலும்பு மச்சையில், எதிர்ப்பொருளை இடைவிடாது சுரக்கும் அணுக்கள் குடியேறியிருந்தன.

நினைவணுக்கள் என்ற மற்றொரு வகையும் உண்டு. நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. நெய்த சேலைகள் விற்றுத் தீர்ந்தாலும், அந்தப் பூவேலைக்குரிய ஜக்கார்டு அட்டைகள் பரணில் இருக்குமாயின், மறுபடி தேவை வரும்போது சில நாளில் நெய்துவிடலாம். நினைவணுக்கள் அத்தகைய அட்டைகள். கலிபோர்னியாவிலுள்ள லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவனத்தார் நோய் கண்ட 188 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவில், முட்புரதத்தை அறியும் நினைவணுக்கள் முதல் மாதத்தைவிட ஆறாம் மாதத்தில் மிகுந்திருந்தன. எனவே எதிர்ப்பொருள் குறைந்தது என்ற சீட்டு மட்டுமே காப்பு ஒழிந்தது என்பதற்குச் சான்றாகாது; மிகுந்துள்ளது என்ற சீட்டும் இனி நோயே அணுகாது என்பதற்கு உறுதிப்பத்திரம் ஆகாது.

பூவேலை மாறியபோது

2021 நவம்பரில் ஓமிக்ரான் என்ற புது வகை வெளிப்பட்டது. அதன் முட்கள் பழைய வடிவினின்றும் பெரிதும் மாறியிருந்தன. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில் அக்காலத்தில் நடந்த ஆய்வில், தடுப்பூசி போடாதோருள் 68.4 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. எனினும் தொற்று தீயெனப் பரவியது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தோரும் இறந்தோரும் முந்தைய அலைகளின் விகிதத்தில் பெருகவில்லை. கத்தார் நாட்டுக் கணக்கும் இதனையே காட்டிற்று. முன்பு நோய் கண்டோருக்கு, மறுபடி தொற்றாமல் தடுக்கும் காப்பு பழைய வகைகளுக்கு எதிராக 90 சதவீத அளவில் இருந்தது. ஓமிக்ரானுக்கு எதிராக அது 56 சதவீதமாகக் குறைந்தது. நோய் கடுமையாகாமல் காக்கும் வலிமை மட்டும் 88 சதவீத அளவில் நின்றது. நோய் தந்த காப்பு கதவை முற்றிலும் அடைப்பதன்று. வீட்டைப் பெரும்பாலும் காப்பது என்று இதிலிருந்து தெளியலாம்.

செலவுப் பக்கம்

வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டில் எந்த ஆய்வாளனும் கையொப்பமிட மாட்டான். 20 சதவீதத்தை ஒட்டியிருந்த எதிர்ப்பொருள் ஆறே மாதத்தில் 67.6 ஆயிற்றே, அதற்கு நாடு கொடுத்த விலை யாது? 2021 ஏப்ரல், மே மாதங்களில் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் அலைந்த இரவுகளை யாரும் மறந்திருக்க முடியாது. அரசுக் கணக்கின்படியே நம் நாட்டில் இந்நோயால் இறந்தோர் 5 இலட்சத்து 30 ஆயிரத்திற்கு மேற்பட்டோர்.

அவ்வாண்டு ஆடியில் நான் ஆய்வுக்குச் சென்ற சங்கங்களில், மேசைமீது முதலில் வைக்கப்பட்டவை பாவு நூல் இருப்புக் கணக்கல்ல. இறந்த உறுப்பினரின் பங்குத் தொகையை வாரிசுக்கு மாற்றக் கோரும் மனுக்கள். கைந்நாட்டு வைத்த பெண்மக்களின் முகங்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோயினால் காப்பு வந்தது என்று பேரவையில் எழுந்து கூறுபவர் பிழைத்தவர். பிழையாதார் எழுந்து பேசுவதில்லை; உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயரின்மேல் ஒரு கோடு மட்டுமே இருக்கும். பிழைத்தவர் சொல்லை மட்டும் கேட்டு எழுதும் கணக்கு பொய்க்கணக்காகிவிடும்.

நோய் கண்டவருக்கும் ஊசியால் பயன் உண்டா? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2020-இல் நோய் கண்டோரை ஒப்பிட்டுப் பார்த்தனர். பின்னர் ஊசி போட்டுக்கொண்டவரைவிட, போடாதவர்க்கு 2021 மே, ஜூனில் மறுதொற்று நேரும் வாய்ப்பு 2.34 மடங்காக இருந்தது. முன்பே நினைவணுக்கள் உடையோருக்கு ஊசி அவற்றை மீண்டும் எழுப்பி வலுவூட்டுகிறது.

இவ்வாண்டு அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றபோது பெரியவரைத் தேடிப்போய் இவற்றைக் கூறினேன். “அப்படியானால் என் கணக்கில் பாதி சரி என்கிறீர்கள்” என்றார். “வரவு சரி, பெரியவரே, செலவைத்தான் எழுதவில்லை” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, “எனக்கு அடுத்த தறி மூன்று வருஷமாக வெறுமையாய்க் கிடக்கிறது, ஐயா” என்றார்.

உறுப்பினர்களே! நோய் கண்டு தேறியவர், தம் உடல் செய்த வேலையைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. அதையே போதுமென்று நம்பியும் இருந்துவிடலாகாது. முதியோரும், நீரிழிவு, இதய நோய், மூச்சுநோய் உடையோரும் தமக்கு இன்று ஊசி வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு நடப்பது நன்று. சங்க நிர்வாகிகள் அடுத்த பேரவைக்கு அம்மருத்துவரையே அழைத்து ஒரு நாழிகை பேசச் செய்யலாம். இலாபப் பங்கீட்டைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளில் பாதியேனும் நம் உடல்நலத்தைப் பற்றிக் கேட்கலாமன்றோ?