உரைதிருத்தி அமைப்புக் கோப்பைப் பகிர்தல்: தமிழ் மின்பதிப்புப் பணியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: உரைதிருத்தி, அமைப்புக் கோப்பு, ஒருங்குறி, மாற்று விதி, சொல்லடைவு.

முன்னுரை

தமிழ் நூல்களை மின்வடிவில் உள்ளிட்டு, ஒப்புநோக்கி, சொல்லடைவு உருவாக்கும் பணியில் ஈடுபடுவோர் ஈமாக்ஸ், விம், விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற உரைதிருத்திகளைத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக் கொள்கின்றனர். விசைப்பலகை, எழுத்துரு, தேடல்முறை, தானாக இயங்கும் மாற்று விதிகள் ஆகியன பெரும்பாலும் ஓரிரு சிறு கோப்புகளில் எழுதப்படுகின்றன. இவற்றை அமைப்புக் கோப்பு எனலாம். ஒருவர் நெடுங்காலம் செப்பமிட்ட கோப்பை உடன் ஆய்வாளருக்கு அளிப்பது இயல்பு. பெறுபவருக்குப் பல நாள் உழைப்பு மிச்சமாகும். ஆயின் அக்கோப்பில் தனிமனிதப் பழக்கங்களோடு பதிப்பு முடிவுகளும் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிந்து பகிரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் பழமை

1970களில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோ என்னும் உரைதிருத்தி வழக்கிலிருந்தது. பயனர்கள் தமக்கெனக் கட்டளைத் தொகுதிகளை எழுதிக்கொண்டமையால், ஒருவர் அமைப்பில் எந்த விசை என்ன செய்யும் என்பது மற்றொருவருக்குப் புலப்படவில்லை. இத்தொகுதிகளை ஒருமுகப்படுத்தும் முயற்சியைக் கை ஸ்டீல் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை முன்னெடுத்தார். 1976இல் ஈமாக்ஸ் உருவாயிற்று. பெற்றவர் தாம் செய்த மேம்பாடுகளைத் திருப்பி அளித்தல் வேண்டும் என்பது ஸ்டால்மன் அன்று விதித்த பகிர்வு நெறி. பகிர்தல் இருவழிப்பட்டது என்னும் இக்கருத்து இன்றும் போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

எழுத்துக்குறியும் பதிப்பு முடிவும்

தமிழ் உரைகளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. ‘கொ’ என்னும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக இடுவது மற்றொன்று. திரையில் வேறுபாடு தெரியாது. குறியெண்களை உள்ளவாறே ஒப்பிடும் எளிய தேடலோ இவற்றை வேறு எழுத்துகளாகக் கொள்ளும். ஆகவே, ஒரே நூலில் ‘கொடை’ எத்தனை இடங்களில் பயில்கிறது என்னும் வினாவிற்கு இரு ஆய்வாளர்கள் வெவ்வேறு விடை பெற வாய்ப்புண்டு. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவையாக வரையறுத்துள்ளமையால், கோப்பைச் சேமிக்கும்போது ஒரே வடிவிற்குக் கொணரும் விதியை அமைப்புக் கோப்பில் ஐயமின்றி எழுதலாம், பிறருக்கும் அளிக்கலாம்.

ஔகாரத்தின் நிலை வேறு. ‘ஔவை’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளாலும், ‘கௌரவம்’ என்பதைக் ‘கெ’, ‘ள’ ஆகியவற்றாலும் உள்ளிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ளகரம் தனியெழுத்து ஆதலின் ஒருங்குறியின் சமன்பாடு இங்கு உதவாது. சமகால உரைநடையை மட்டும் கையாளும் ஒருவர் ‘ஒள’ வருமிடமெல்லாம் ‘ஔ’ என மாற்றுமாறு விதி எழுதி, தம் கோப்புகளில் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்பார். அவ்விதியை மற்றொருவர் பெற்று, சேமிக்கும்போதே தானாக இயங்குமாறு வைத்தால் ‘ஒளி’, ‘ஒளிர்’ என்னும் சொற்கள் சிதையும். ‘கெள’ என்பதற்கும் அவ்வாறே விதி இருப்பின் மீன்பெயர்களான ‘கெளிறு’, ‘கெளுத்தி’ ஆகியன கெடும். எனவே ஔவை, ஔடதம், கௌரவம் எனச் சொல்வாரியாகப் பட்டியலிட்டு மாற்றுவதே தக்கது. அப்பட்டியல் நூலுக்கு நூல் வேறுபடும். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இருவகைக் குறியாக்கம் உண்டு: 2005இல் ‘ஶ’ ஒருங்குறியில் சேர்க்கப்படுவதற்கு முன்னர் ‘ஸ’ கொண்டு அமைத்தது ஒன்று, பின்னர் ‘ஶ’ கொண்டு அமைத்தது மற்றொன்று. எதனைக் கொள்வது என்பதும் பதிப்பாசிரியர் முடிவே.

பிரித்துப் பகிர்தல்

விஷுவல் ஸ்டூடியோ கோட் செயலியில் பயனருக்குரிய அமைப்பும் பணிக்கோப்புறைக்குரிய அமைப்பும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. இப்பாகுபாடு பதிப்புப் பணிக்கு மிகப் பொருந்துவது. எழுத்துரு, நிறம், தமிழ்99 அல்லது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகைத் தெரிவு ஆகியன பயனருக்கு உரியவை. இவற்றைப் பிறர்மீது சுமத்தத் தேவையில்லை. ஒருமுகப்படுத்தும் விதிகளும் சொற்பட்டியலும் நூலுக்கு உரியவை ஆதலின் நூற்கோப்புகளோடு ஒரே கோப்புறையில் இருத்தல் வேண்டும். ஈமாக்ஸில் தொடக்கக் கோப்பிலிருந்து அவற்றை வேறு கோப்பாகப் பிரித்து, தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு விதிக்கும் மேலே காரணத்தைத் தமிழிலேயே குறிப்பாக எழுதலாம். ஈமாக்ஸ் லிஸ்ப் மொழியில் அரைப்புள்ளியில் தொடங்கும் வரி கட்டளையாகக் கொள்ளப்படுவதில்லை. காரணம் எழுதப்படாத விதியைப் பெறுபவர் திருத்தவும் இயலாது, நீக்கவும் அஞ்சுவர். அளிப்பவர் தம் கடவுச்சொல், தம் கணினிக்கே உரிய கோப்புறை முகவரி ஆகியன அதில் இல்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். ஈமாக்ஸின் அமைப்புக் கோப்பு இயங்கும் நிரல் ஆதலின், பெறுபவர் அதனைப் படித்துப் பார்த்து, நூற்கோப்பின் படியொன்றில் முதலில் இயக்கி, மாறிய வரிகளை மூலத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றல் வேண்டும். அவ்வொப்பீட்டில் புதிய விதிவிலக்குச் சொல் கிடைப்பின் அதனைப் பட்டியலில் சேர்த்து, அளித்தவருக்கும் அனுப்புதல் முறை. சொல்லடைவு வெளியிடும்போது, எந்நாளைய அமைப்புக் கோப்பைக் கொண்டு அது உருவாக்கப்பட்டது என்பதைப் பாடபேதக் குறிப்புகளுக்கு அருகில் பதிவு செய்யலாம்.